பச்சைப்பாம்பு கடித்துக்கொண்டிருக்கும்போது வீடியோ எதற்கு?

போன வாரம் இரவுப் பணியில் இருந்தபோது பத்து வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். ஆள்காட்டி விரல் கணுவரை வீங்கியிருந்தது. அப்பா செல்போனை நீட்டினார். பச்சைப்பாம்பு ஒன்று அந்த விரலைக் கவ்விக்கொண்டு தாடையை மாற்றி மாற்றி நகர்த்துகிறது, பின்னால் யாரோ "விடுறா, விஷமில்ல, ஒண்ணும் பண்ணாது" என்று சிரிக்கிறார்கள். நாற்பது விநாடி ஓடுகிறது. இந்த மழைக்காலத்தில் எனக்கு இது நான்காவது.

வீக்கம் மறுநாள் வடிந்துவிட்டது. "பாத்தீங்களா சார், விஷமில்லதானே" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். அதுதான் என்னை எழுத வைத்தது.

விஷம் இருக்கிறது. பச்சைப்பாம்புக்கும் பூனைப்பாம்புக்கும் விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். ஓணானைக் கவ்வி மென்றுதான் அந்தப் பல்லை இறக்கும், உங்கள் பிள்ளையின் விரலிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. பச்சைப்பாம்பை உருவினால் சமையல் ருசிக்கும் என்று சின்னப் பெண்களிடம் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

விஷமுள்ளது, விஷமில்லாதது என்று பாம்புகளை இரண்டு கூடையில் போட்டுப் பழகிவிட்டோம். பரிணாமம் அப்படிக் கூடை பிரித்துக் கொடுக்கவில்லை. நாகத்தின் கருவில் விஷப்பல் மேல்தாடையின் பின்பக்கத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது, வளர வளர முன்னால் தள்ளப்படுகிறது என்று ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2003இல், செல்லப்பிராணியாக வளர்க்கிற ஆசியச் சாரை வகை ஒன்றின் சுரப்பில் நாகத்தின் நரம்பு நஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நஞ்சு கிடைத்தது. குவாம் தீவில் காட்டுப் பறவைகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த பழுப்பு மரப்பாம்பு நம்மூர்ப் பூனைப்பாம்பின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதன் விஷத்தில் உள்ள ஒரு நஞ்சு பறவையையும் பல்லியையும் கொல்லும், எலியை ஒன்றும் செய்யாது. இரைக்கு ஏற்றபடி தீட்டப்பட்ட விஷம் அது. நாம் பெரும்பாலும் தப்பிப்பது நம் உடம்பு அந்த இரை இல்லை என்பதால்தான், பாம்பு சாது என்பதால் இல்லை.

எப்போதும் தப்பிக்கவும் மாட்டோம். 1957இல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற பாம்பு ஆய்வாளரை பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பின் குட்டி ஒன்று கடித்தது. அதுவும் பின்பல் பாம்புதான். ஒரே ஒரு விஷப்பல்தான் இறங்கியது. தனக்கு என்ன ஆகிறது என்று குறிப்பெழுதிக்கொண்டே இருந்தவர், மறுநாள் உள் ரத்தக்கசிவில் இறந்துபோனார். ஜப்பானில் யமகாகாசி என்ற தண்ணீர்ப்பாம்பு வகையை வெகுகாலம் சாது என்றே நினைத்திருந்தார்கள். அதனாலும் உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொன்று, எங்களிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்குத்தான். பின்பல் பாம்பு கடித்தால் கொடுக்க எங்களிடம் முறிமருந்து கிடையாது, பார்த்துக்கொள்ள மட்டும்தான் முடியும்.

அதனால் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள், எந்தப் பாம்பானாலும். கவ்விவிட்டதா, உடனே விடுவியுங்கள், வேடிக்கை பார்க்காதீர்கள். மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு எதுவும் இறுக்கக் கூடாது, கழற்றுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோ போதும், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. டெஸ்ட் டியூபில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று நாங்களே பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. "வெள்ளிக்கோல் வரையன்தான், ஒண்ணுமில்ல" என்று நீங்களே முடிவுகட்டிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். கட்டுவிரியனும் பார்க்க அப்படித்தான் இருக்கும், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் இருக்காது, விடியும்போது கண் இமை திறக்காது. இரவு இரண்டு மணியானாலும் வாருங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால் எங்களுக்கும் நிம்மதிதான்.