பாறை ஏறும் வீடியோ போட்டால் சேர்க்கை வருமா?

மரத்தடி, பாறை, ஏரிக்கரை என்று வெளியிலேயே பாடம் நடத்தும் திறந்தவெளிப் பள்ளி ஒன்றின் சமூக ஊடகப் பக்கத்தை ஒருமுறை என்னிடம் ஒப்படைத்தார்கள். பின்தொடர்பவர்களுக்குக் குறைவில்லை. ஒரு சிறுமி கயிறு பிடித்துப் பாறை ஏறும் வீடியோ எங்கெங்கோ பரவியிருந்தது. சேர்க்கை மட்டும் நகரவில்லை. பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தேடினோம். பிள்ளையைத் தினமும் கொண்டுவந்து விடக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலருக்கு என்ன தெரிய வேண்டும்? பள்ளியில் தொலைபேசியை எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வரும் கேள்விகளை அப்படியே எழுதி வைக்கச் சொன்னேன். மழை வந்தால் என்ன செய்வீர்கள்? கழிப்பறை எங்கே? பாம்பு வருமா? தண்ணீர்ப் பக்கம் போகும்போது கூட யார் இருப்பார்கள்? பாறை ஏறுவதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த சில மாதங்களுக்கான பதிவுகள் அந்த நோட்டிலிருந்தே கிடைத்தன. பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர் இடத்தைச் சுற்றி வந்து, பட்டுப்போன கிளை தொங்குகிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதைப் படமெடுத்துப் போட்டோம். இடிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கட்டடத்துக்குள் போய்விடுவோம், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வருவோம் என்று எழுதினோம். முதலுதவிப் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினோம். பெற்றோர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது இவற்றைத்தான்.

“இது படிப்பா, விளையாட்டா?” என்ற கேள்வியும் அடிக்கடி வந்தது. 1941இல் குர்ட் ஹான் என்ற கல்வியாளரின் முயற்சியில் வேல்ஸில் தொடங்கிய, வெளியிடப் பயிற்சி தரும் அவுட்வர்டு பவுண்டு பள்ளியைப் பற்றிச் சொல்லி முதலில் பதில் எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பிள்ளைகள் மரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்த விதத்தை எழுதினேன். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், அதே நேரத்தில் மரத்தின் நிழல் 8 மீட்டர், அப்படியானால் மரம் 10 மீட்டர். அந்தக் கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கே போடுவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. மேப்பில் பள்ளியின் பெயர், நேரம், தொலைபேசி எண், வாசல் படம் எல்லாம் சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது. அதனால் பள்ளிப் பக்கம் பத்து முறை சொல்வதைவிட, ஒரு தாய் தன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை சொல்வதற்கே பலன் அதிகம். அந்தக் குழுக்களில் நாமாகப் போய் விளம்பரம் போடுவது மட்டும் வேண்டாம். எரிச்சல்தான் வரும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிள்ளைகளின் படங்கள். முகம், பெயர், சீருடை, “ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 7 மணிக்கு ஏரிக்கரையில்” என்ற அறிவிப்பு: இவை ஒரே பதிவில் சேர்ந்தால், எந்தக் குழந்தை எப்போது எங்கே இருக்கும் என்று முகம் தெரியாத யாருக்கும் நாமே சொல்லிவிடுகிறோம். அதுவும் இது சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி. அதனால் படங்களை, எல்லோரும் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகே போடுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் அதை எடுத்த இடத்தைக் காட்டும் ஆயத்தொலைவுகள் (ஜிபிஎஸ் எண்கள்) பதிந்திருக்கலாம். பல சமூக ஊடகங்கள் அதை நீக்கிவிடும். ஆனால் மூலப்படத்தைப் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றினாலோ, வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினாலோ அது அப்படியே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் குழுவுக்குள் பகிர ஒன்று, பொதுவில் போட இன்னொன்று என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறகு மனம் மாறினால் அன்றைக்கே படத்தை எடுத்துவிட வேண்டும். பிள்ளையிடமும் கேளுங்கள். “வேண்டாம்” என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியும். சேறு பூசிய கைகள், வரிசையாகக் கழற்றி வைத்த காலணிகள், மரத்தடியில் குனிந்திருக்கும் முதுகுகள் போதும். அன்றைய வகுப்பு எப்படி நடந்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். யாரைப் படமெடுக்கக் கூடாது என்ற பட்டியல், கேமரா வைத்திருக்கும் ஆசிரியரிடம் காலையிலேயே இருக்கட்டும்.