கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்பு

சென்ற வாரம் கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது காரைக் குன்னூரில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்ததால், சமவெளியில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, சிங்க்ரோ ரிங்குகள் (கியர் மாறும்போது இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையங்கள்), பேரிங்குகள், ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். 40,000 ரூபாய்க்கு மேல் செலவு. வண்டி மலையேறி வீடு வந்து இருபது நாள் ஆவதற்குள் அதே கியரில் அதே சத்தம். பானெட்டைத் திறந்ததும் நான் பார்த்தது பிரேக் ஆயில் டப்பாவைத்தான். அந்த வண்டியில் கிளட்சுக்கும் அதே ஆயில்தான். ஆயில் அளவுக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியபோது, கறுத்த ஆயில் இரண்டு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. சிலிண்டரை மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, டாட் 4 ரகப் புதிய பிரேக் ஆயில் ஊற்றியதும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது. "அப்படியானால் கியர்பாக்ஸில் ஒன்றுமே இல்லையா?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லவே வருத்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது.

கியர் விழவில்லை என்றால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். கிளட்ச் பெடலை முழுதாக மிதித்தால், இன்ஜின் சுற்றிக்கொண்டிருந்தாலும் அந்தச் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் போகக் கூடாது. பெடல் மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தால், உள்ளே ஷாஃப்ட் நிற்காமல் சுழலும்; அப்படிச் சுழலும் பல்லில் நிற்கும் பல்லைக் கொண்டுபோய் மாட்டினால் சத்தம் வரத்தான் செய்யும். இதைத்தான் நாங்கள் 'கிளட்ச் கட் ஆகவில்லை' என்கிறோம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது என்பதால் முதலில் அலறுவது ரிவர்ஸ்தான். அந்த அலறலைக் கேட்டு ரிவர்ஸ் கியரையே குற்றவாளி ஆக்குவது, காய்ச்சல் வந்தவரின் நெற்றிக்கு மட்டும் மருத்துவம் பார்ப்பது போன்றது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் பெடலை முழுதாக மிதித்தபடி ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது வெண்ணெய் போல விழுந்த கியர், ஓடும்போது மட்டும் கரகரத்தால் முதலில் சோதிக்க வேண்டியது கிளட்சை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பிளேட் கோணியிருக்கலாம். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்சுக்குப் போகும் துளை சற்று மேலே இருப்பதால், ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் காட்டிக்கொடுக்கும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. மாதக்கணக்கில் பனிமூட்டமும் தூறலும் உள்ள நம் ஊரில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

தொழில் செய்யும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது அதன் முழுப் பாரத்தையும் கிளட்சுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டு போல்ட் தேடாதீர்கள். ஷாஃப்ட் நுழைந்திருக்கும் கிளட்ச் பிளேட் அந்தப் பாரத்தில் கோணிவிடும். நன்றாக இருந்த கிளட்சும் அன்றிலிருந்து கட் ஆகாது.

மலையில் கிளட்ச் சாவதற்கு முதற்காரணம் ஹாஃப் கிளட்ச், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி வைத்திருப்பது. மே மாதம் பர்லியார் தாண்டி வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், பாதி கிளட்சிலும் ஆக்ஸிலரேட்டரிலும் வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். பிளேட் அங்கேயே வெந்துகொண்டிருக்கிறது. கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டுக் கிளம்புங்கள். இறக்கத்திலோ நியூட்ரல். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். மின்னணு இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் நின்றுவிடுகிறது; நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சுற்றுவதற்காக எரிகிறது. மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிமானமும் இல்லை, பாரம் முழுதும் பிரேக்கின் தலையில்.

ஊட்டியில் வீட்டை வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மழைக்காலம் முழுதும் காரைக் கொட்டகையில் பூட்டி வைக்காதீர்கள். ஈரத்தில் துரு ஏறி பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை யாரையாவது விட்டுச் சற்று தூரம் ஓட்டச் சொல்லுங்கள்; ஸ்டார்ட் செய்து அணைப்பது மட்டும் போதாது.

காலைக் குளிரில் இரண்டாவது கியர் முரண்டுபிடித்தால், கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்லாதீர்கள். கெட்டி ஆயில் குளிரில் இன்னும் இறுகும். கையேட்டில் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 ஊற்றுவதும் தவறு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும்.

கியர்பாக்ஸை உண்மையிலேயே திறக்க வேண்டிய நேரமும் வரும். ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவினால், ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால், ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைக்குப் பதிலாக இரும்புச் சில்லுகள் ஒட்டியிருந்தால், தாமதிக்காமல் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியரின் கார் டிக்கியில் பழைய சிங்க்ரோ ரிங்குகள் ஒரு துணிப்பையில் கிடந்தன. உட்புறக் கோடுகள் கூர்மையாக, பற்கள் முனை மழுங்காமல் இருந்தன. ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி வைத்து, அது தேய்ந்திருக்கிறதா என்று இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) உங்கள் கண்முன் அளந்து காட்டிய பிறகே புது ரிங் வாங்கச் சம்மதியுங்கள்.