வெல்ட் பிரிந்த ஷூவில் சூப்பர் க்ளூ ஊற்றாதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். போன வாரம் ஆந்திரப் பக்கம் வி.கோட்டாவிலிருந்து மலைப்பாதை இறங்கி ஒரு தம்பி வந்தார். கையில் இருந்த பையில் பழுப்பு நிற டெர்பி ஷூ. நல்ல மாட்டுத்தோல், வெல்ட் என்ற ஓரத் தோல் பட்டி வைத்துத் தைத்தது, இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டியது. வலது ஷூவின் முன்பக்கம் இரண்டு அங்குலத்துக்குத் தையல் விட்டிருந்தது. உட்கார்ந்து தைத்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அவர் வீட்டில் சூப்பர் க்ளூ ஊற்றிவிட்டார். "மூணு ட்யூப் போட்டேண்ணா, நிக்கவே இல்ல" என்றார். நிற்காது தம்பி. அந்த மூன்று ட்யூப் சேர்ந்து ஒரு மணி நேர வேலையை ஒரு முழு நாள் வேலையாக ஆக்கிவிட்டது, அவ்வளவுதான்.

பேரணாம்பட்டில் ஷூ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆம்பூரில் கம்பெனி வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்களை ஆம்பூரில் கடை போட்டு விற்கிறார்கள். சென்னை பெங்களூரு ரோட்டில் போகிறவர்கள் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தினால் அப்படியே ஒரு ஜோடி வாங்கிப் போகிறார்கள். குப்பம், பலமநேர், சித்தூர் ஆட்களும் வருகிறார்கள். வாங்குவதெல்லாம் சரி. வாங்கியது தைத்த ஷூவா, வெறுமனே ஒட்டிய ஷூவா என்று பலரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. தைத்த ஷூவுக்கு ஒட்டு வைத்தியம் செய்வது அதனால்தான்.

வெல்ட் என்பது அப்பரின், அதாவது காலை மூடும் மேல்தோலின், அடி ஓரத்தைச் சுற்றி ஓடும் தோல் பட்டி. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும். இந்த ஷூவில் இரண்டு தையல் உண்டு. ஒன்று உள்ளே: இன்சோல் (பாதத்துக்குக் கீழே இருக்கும் உள் அடி), அப்பர், வெல்ட் மூன்றையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடிப்பது. ஷூ முடிந்த பிறகு இதை உள்ளே கைவிட்டாலும், வெளியே திருப்பினாலும் பார்க்க முடியாது. இன்னொன்று வெளியே: வெல்ட்டையும் அடிச் சோலையும் மேலிருந்து கீழாகச் சேர்ப்பது. நீங்கள் பார்ப்பது இந்த வெளித்தையலை மட்டும்தான். சோல் தேய்ந்தால் வெளித்தையலை அறுத்து, பழைய சோலை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துத் தைக்கலாம். அப்பரைத் தொடவே வேண்டியதில்லை. திரும்பத் திரும்பப் பிரித்துத் தைப்பதற்கென்றே செய்த ஷூ இது. அதைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி வைத்துவிட்டு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

பசை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. நடக்கும்போது ஷூ எங்கே மடங்குகிறது என்று பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை. சூப்பர் க்ளூ இறுகினால் வளையாது, மொறுமொறுவென்று உடையும். பீங்கான் கோப்பையின் காது உடைந்தால் அதை வைத்து ஒட்டுங்கள், நிற்கும். மடங்கி மடங்கி நிமிரும் தோலில் அது முதல் நாளே விரிசல் விடும். விட்டதும் மறுபடி ஊற்றுவீர்கள், மறுபடி விடும். இதற்கிடையில் தோல் அந்தப் பசையைக் குடித்து மரக்கட்டை போல இறுகிவிடுகிறது. இறுகிய இடம் வளையாததால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோல் இரண்டு பங்கு வளைய வேண்டியிருக்கிறது. அது அங்கே வெடிக்கிறது. நீங்கள் ஒட்டிய இடம் ஒன்று, கிழிவது இன்னொரு இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய கம்பெனி ஷூக்களில் பெரும்பாலும் இன்சோலின் அடியில் கேன்வாஸ் துணியால் ஆன ஒரு விளிம்பை ஒட்டி, அதில்தான் உள்தையலைப் போடுகிறார்கள். பருத்தித் துணியில் சூப்பர் க்ளூ பட்டால் வேகமாக இறுகும், நன்றாகச் சூடேறும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஊற்றினால் கை வெந்துவிடும். அதே சூடுதான் ஷூவுக்குள்ளும் ஏறுகிறது. பிறகு நான் குத்தூசியை வைத்தால் உள்ளே இறங்காது. அழுத்தினால் ஊசி முனை முறியும், அல்லது பழைய துளையிலிருந்து நழுவி அப்பரைக் கிழிக்கும். அசிட்டோன் தடவினால் பசை இளகும், உண்மைதான். ஆனால் அது பசையோடு சேர்த்து அப்பரின் கலரையும் பாலிஷையும் எடுத்துவிடும். அதனால் சொட்டுச் சொட்டாக வைத்து, சுரண்டி, மறுபடி வைத்துச் சுரண்ட வேண்டும். அந்தத் தம்பியின் ஷூவில் இதைச் செய்துதான் ஒரு நாள் போனது.

"அப்போ நீங்க மட்டும் சொலூஷன் போடறீங்களே?" என்று கேட்பார்கள். போடுகிறேன். சொலூஷன் என்கிற இந்த ஷூ பசை ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும், இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்தினால் பிடிக்கும். தைத்து முடிக்கும் வரை சோல் நகராமல் இருக்கத்தான் அது. சுமையைத் தாங்குவது நூல்.

நூல் வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்தால் ஏன் நேரம் ஆகிறது, ஏன் காசு கேட்கிறேன் என்று புரியும். லினன் நூலைப் பல இழையாகச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகும் பைன் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகை அதில் தேய்க்க வேண்டும். நூல் கருத்து, கையில் ஒட்டும் பதத்துக்கு வர வேண்டும். முன்பெல்லாம் நூல் நுனியில் ஊசிக்குப் பதிலாகப் பன்றி மயிரைச் சேர்த்து முறுக்குவார்கள், வளைந்த துளைக்குள் அது தானாக வளைந்து போகும். இப்போது வளைந்த ஊசி. ஷூவைத் தொடைமேல் வைத்து வார் போட்டு இறுக்கிக்கொண்டு, வளைந்த குத்தூசியால் வெல்ட், அப்பர், இன்சோல் மூன்றையும் ஒரே குத்தில் துளைக்க வேண்டும். குத்தூசியை எடுத்ததும் அந்தத் துளை மூடிக்கொள்வதற்குள் நூலின் ஒரு முனை இந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொரு முனை அந்தப் பக்கத்திலிருந்தும் அதே துளைக்குள் போக வேண்டும். பிறகு இரண்டு கையிலும் சுற்றி ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். இழுக்கும் உரசலில் மெழுகு சூடாகி இளகி, துளைக்குள் இறுகி நிற்கும். நூலைத் தளர விட்டால் அந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும். இப்படி அங்குலத்துக்கு மூன்று தையல். ஷூவைச் சுற்றி முழுக்கப் போட்டு முடிக்கும்போது சுண்டுவிரல் ஓரம் நூல் அறுத்து எரியும்.

இதில் ஒரு முக்கியமான லாபம் இருக்கிறது. இயந்திரம் போடும் உள்தையல் சங்கிலித் தையல். ஒரு கண்ணி அறுந்து, நூலைப் பிடித்து இழுத்தால் வரிசையாகக் கழன்று வரும். கையால் இரண்டு முனையும் போட்டுத் தைத்ததில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் அப்படியே நிற்கும். சார்லஸ் குட்இயர் ஜூனியர் 19ஆம் நூற்றாண்டில் வெல்ட் தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவந்ததால்தான் இந்த ஷூ சாதாரண ஜனங்களுக்கும் கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். இயந்திரம் தைத்ததை ரிப்பேரில் கையால் தைத்தால் முன்பைவிட உறுதியாகவே ஆகும். அதனால் "கம்பெனி தையல் போச்சே" என்று வருத்தப்பட ஒன்றும் இல்லை.

வெல்ட்டுக்கு எந்தத் தோல் என்பதிலும் கவனம் வேண்டும். க்ரோம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், அப்பருக்கு நல்லது. வெல்ட்டுக்கும் இன்சோலுக்கும் அது ஆகாது, இழுத்தால் நீளும், துளை பெரிதாகும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் தையலை விடாமல் பிடிக்கும். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. மதராஸ் துறைமுகம் வழியாக அந்தத் தோல் சீமைக்கே போனது. இன்றைக்குப் பட்டைத் தோலில் ஒரு நல்ல துண்டு வேண்டுமென்றால் தேட வேண்டியிருக்கிறது. கிடைக்காதபோது சிலர் கையில் இருக்கும் அப்பர் தோலையே பட்டியாக வெட்டி வெல்ட் என்று வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும்.

இது தொழில் செய்யும் தம்பிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும். வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்து ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவரிடம் ஒரு நாள் வேலையை எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். முழு வேலை செய்யச் சொல்லவில்லை. இரண்டு காரியம் மட்டும் செய்யாமல் விடுங்கள். ஒன்று, பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போடாதீர்கள். உள்தையல் துளைகளுக்கு நடுவில் இன்னொரு வரிசை குத்தினால் அப்பரின் அடி ஓரம் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும், பிறகு அந்த ஷூவை யாராலும் காப்பாற்ற முடியாது. மெழுகைத் துடைத்துப் பாருங்கள், பழைய துளை தெரியும், அதிலேயே போடுங்கள். இன்னொன்று, வெளியிலிருந்து அப்பருக்குள்ளும் இன்சோலுக்குள்ளும் போகும்படி பெரிய பெரிய தையலாகக் குத்தி இழுக்காதீர்கள், ஆணியும் அடிக்காதீர்கள். கால் உள்ளே போகும் இடம் அது. முடியாத வேலை என்றால் "இது என்னால ஆகாது, தைக்கிறவங்ககிட்ட குடுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இப்போது ஷூ போடுகிறவர்களுக்கு.

உங்கள் ஷூ வெல்ட் வைத்ததா என்று முதலில் பாருங்கள். ஓரத்துப் பட்டியில் தையல் இருக்கிறதா? உண்மையான நூலா, அல்லது ரப்பரிலேயே தையல் மாதிரி அச்சடித்ததா? நகத்தால் கீறினால் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இன்சோலைச் சுற்றித் தையல் வரிசை தெரிந்தால் அது உள்ளிருந்து சோலுக்கு நேராகத் தைத்த வேறு வகை. அடியில் தையல் தெரியவில்லை என்பதற்காக வெல்ட் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், சில கம்பெனிகள் சோலைக் கீறி நூலை உள்ளே புதைத்து மூடிவிடுவார்கள்.

ஷூ நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், அடுப்பு ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், வெல்ட் விறைத்துத் தையலை இழுக்கும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் சாய்த்து வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டுப் போட்டால் வியர்வை காயும். ஈரத்திலேயே இருந்தால் லினன் நூல் மக்கும்.

சோலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் சோல் மெலிந்துவிட்டது, மாற்றும் நேரம். முன்நுனியை இன்னும் கவனமாகப் பாருங்கள். அங்கே சோல் தேய்ந்து வெல்ட்டே தரையில் உரசத் தொடங்கினால் சோல் மாற்றுவதோடு போகாது, வெல்ட்டையும் மாற்ற வேண்டும். அது செலவு. தயவுசெய்து அதற்கு முன் வாருங்கள்.

கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்து வருஷக்கணக்கில் போடாத ஷூவின் சோல் திடீரென்று பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது தையல் கோளாறு இல்லை. பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கிறது. அதைத் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது, அப்பர் நன்றாக இருந்தால் புதுச் சோல் போடலாம்.

வெல்ட் பிரிந்துவிட்டதா? அன்றே கழற்றிவிடுங்கள். அதோடு நடந்தால் இரண்டு அங்குலம் நான்கு அங்குலம் ஆகும், இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவில் நிரப்பிய கார்க் துகள் கொட்டும், கேன்வாஸ் விளிம்பு பிய்ந்து வரும். தொங்கும் நூலை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், அதைப் பார்த்துத்தான் எங்கிருந்து கழன்றது என்று எனக்குத் தெரியும். சோல் முழுசாகக் கழன்றிருந்தால் ஷூவோடு சேர்த்து ஒரு துணியால் கட்டுங்கள். கீழே விழுந்த பட்டித் துண்டு இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். துளை இருக்கும் பழைய துண்டை வைத்து அளவெடுத்தால் புதுப் பட்டி அதே துளையில் சரியாக உட்காரும்.