இயக்கி எது, சுழற்றி எது?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2009-இல் குடியாத்தத்தில் நடந்த தம் மகளின் திருமணப் படத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பி, பீரோவிலிருந்து டிவிடியை எடுத்து வீட்டுக் கணினியில் போட்டிருக்கிறார். படம் வரவில்லை. திரையில், டிவிடியைப் படிக்கும் டிரைவின் அடையாளமே காணோம். எப்போதோ ஒரு பயிற்சி நிலையத்தில் கொடுத்த தமிழ்க் குறிப்புத் தாள் அவரிடம் இருந்தது. அதில் இப்படி அச்சாகியிருந்தது: ‘ஒளியியல் வட்டு இயக்கி தென்படவில்லையெனில், இயக்கியை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்க.’

நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவர் அவர். முதலில் வந்த இயக்கி எதுவோ அதுவே இரண்டாவதாக வந்த இயக்கியும் என்று படித்தார். இலக்கணப்படி அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, நான்கு திருகாணிகளையும் எடுத்து, பின்னால் செருகியிருந்த இரண்டு கம்பிகளையும் பிடுங்கி, டிரைவை வெளியே இழுத்து மேசைமேல் ஒரு துணி விரித்து வைத்துவிட்டார். நான் போனபோது, “நீக்கச் சொல்லியிருந்தது, நீக்கிவிட்டேன் தம்பி. இன்னும் வரவில்லையே” என்றார்.

தாளை எழுதியவர் சொல்ல வந்தது வேறு. முதல் இயக்கி, வட்டைச் சுழற்றிப் படிக்கும் கருவி. இரண்டாவது இயக்கி, அந்தக் கருவியோடு கணினி பேசுவதற்கு வேண்டிய மென்பொருள். ஆங்கிலத்தில் முன்னது டிரைவ், பின்னது டிரைவர். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போட்டு, ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். இந்தக் கலப்பைக் கையேடுகளிலும் வகுப்புகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இந்த முறை ஒரு முதியவர் கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டது. இனியும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டிரைவ்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வது. பிறகு எந்திரத்தைச் சுழலச் செய்வதற்கும், அதன் பின் நாடாவையும் வட்டையும் சுழற்றும் கணினிப் பாகத்துக்கும் பெயராயிற்று. டிரைவர் என்பது ஓட்டுபவர். கணினியில் ஒரு சாதனத்தை நடத்திச்செல்லும் மென்பொருள். தமிழில் இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை; இயக்குவது இயக்கி. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்று தொல்காப்பியமே பேசும் வேர் இது. தானாக ஒலிக்க முடியாத மெய்யெழுத்தை அகரம் இயங்கவைப்பது போல, தானாகக் கணினியோடு பேச முடியாத சாதனத்தை ஒரு மென்பொருள் இயங்கவைக்கிறது. ஆகவே டிரைவருக்கு இயக்கி என்பது மிகப் பொருத்தமான பெயர். எனக்கு அதில் வழக்கே இல்லை.

எங்கள் வட ஆற்காட்டுக்கு இயக்கி புதிய சொல்லும் அன்று. ஆற்காட்டுக்குத் தென்மேற்கே விளாப்பாக்கம் பக்கம் உள்ள பஞ்சபாண்டவர் மலையில் பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொன்னியக்கியாருக்குப் படிமம் செய்வித்ததைச் சொல்லும் சமணக் கல்வெட்டு அது. அங்கே இயக்கி என்பவள் யட்சி. சிலப்பதிகாரத்தில் ஆயர்குலத்து மாதரி பால்மடை, அதாவது பாற்சோற்றுப் படையல், கொடுத்து வருவதும் ஒரு இயக்கிக்குத்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருப்பதால் தமிழ் கெட்டுவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாலையில் மாலை வாங்கினான் என்றால் யாரும் தடுமாறுவதில்லை. மலைமேல் இருக்கும் இயக்கியையும் மென்பொருள் இயக்கியையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. டிரைவும் டிரைவரும் அப்படி அல்ல. ஒரே பெட்டிக்குள், ஒரே பழுதுக்கு, ஒரே வாக்கியத்தில் வருபவை.

அதிலும் பழுது பார்க்கும் வேலையே, குறை எதில் இருக்கிறது என்று பிரித்தறிவதுதான். வட்டிலா, அதைச் சுழற்றும் கருவியிலா, மென்பொருளிலா? ஒரு வட்டு மட்டும் ஓடாமல் மற்றவை ஓடினால் குறை வட்டில். அதை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடம் சுருளாகச் சுற்றியிருப்பதால் அதன் போக்கிலேயே விழும் கீறல், தொடர்ச்சியாக நிறையத் தரவைக் கெடுத்துவிடும். குறுக்கே விழும் சிறு கீறலைக் கருவியே சரிசெய்து படித்துவிடும். எந்த வட்டைப் போட்டாலும் திணறினால் குறை கருவியில். லென்ஸில் தூசி படிந்திருக்கலாம்; சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் வீடுகளில் அதற்குக் குறைவில்லை. குறுந்தகடு ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றாலும் பெரும்பாலும் கருவிதான் காரணம். குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியும் தட்டு வெளியே வரவில்லையென்றால், உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் பட்டை வெயிலிலும் வயதிலும் தளர்ந்திருக்கும். முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய காகிதக் கவ்வியைச் செருகித் தள்ளினால் தட்டு வரும்.

கருவிக்கு மின்சாரம் வருகிறது, தட்டு வந்து போகிறது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் பட்டியலில் பெயரும் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்குள் மட்டும் காணவில்லை என்றால், அப்போதுதான் இயக்கியைச் சந்தேகிக்க வேண்டும். சாதனப் பட்டியலில் மஞ்சள் நிற வியப்புக்குறி இருக்கும். அந்த மென்பொருளை அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் அதுவே தன்னை மீண்டும் நிறுவிக்கொள்ளும். அப்படியும் வரவில்லையென்றால், வட்டெழுதும் மென்பொருள் எதையாவது நீக்கியபோது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவகத்தில் மிஞ்சிப்போன ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்ற பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆசிரியர் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. கருவியைப் பழைய இடத்தில் பூட்டி, கம்பிகளைச் செருகி, மென்பொருளை அழித்து மறுபடி தொடங்கினேன். அடையாளம் வந்துவிட்டது. கருவியில் தொடக்கத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை.

வட்டு என்ற சொல்லைப் பற்றி இரண்டு வரி. ‘டிஸ்க்’ வந்தது கிரேக்க மொழியின் ‘டிஸ்கோஸ்’ என்ற சொல்லிலிருந்து. விளையாட்டு வீரர்கள் எறியும் வட்டுக்கு அதுதான் பெயர். பள்ளி விளையாட்டு விழாக்களில் குண்டு எறிதலுக்கு அடுத்து வட்டு எறிதல் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இவ்வளவு நேராகப் பொருந்தும் சொல் கையில் இருக்கும்போது தட்டு எதற்கு? வட்டை ஏந்திக்கொண்டு வெளியே வருவதுதான் தட்டு. ‘தட்டு சிக்கிக்கொண்டது’ என்று ஒருவர் போனில் சொன்னால் நான் எதைச் சரிசெய்யச் சொல்வது? தகடு என்பதும் முழுப் பொருத்தமில்லை. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் 12 செ.மீ. குறுக்களவும் 1.2 மி.மீ. கனமும் உள்ள பொருள் அது. உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு மட்டும்தான் உலோகம். ஆனாலும் குறுந்தகடு நாளிதழ்களில் வேர்விட்டுவிட்டது, யாரையும் தடுமாறவைக்கவும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ‘ஒளியியல் வட்டு’ வேண்டாம். ஒளியியல் என்பது ஒரு பாடத்தின் பெயர். ஒளிநகல், ஒளிப்படம் போல ஒளிவட்டு போதும். சிலர் அதை ‘ஒளிவட்டம்’ என்று அச்சிடுகிறார்கள்; சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவது அது.

இனி டிரைவ். இயக்கி குழப்புகிறது என்று உணர்ந்தவர்கள் சிலர் ‘இயக்ககம்’ என்று எழுதத் தொடங்கினார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். சொல்லை ஏற்க முடியவில்லை. இயக்ககம் என்றால் தமிழ்நாட்டில் அரசுத் துறையின் தலைமை அலுவலகம். தொடக்கக் கல்வி இயக்ககம் என்று ஆணைகளில் பார்த்துப் பழகிய ஆசிரியரிடம் ‘ஒளிவட்டு இயக்ககத்தின் கம்பியைச் சரிபாருங்கள்’ என்றால் என்ன நினைப்பார்? அதைவிடப் பெரிய குறை, அகம் என்பது ஓரிடத்தைக் குறிக்கும் ஈறு. நூலகம், பணியகம், மருந்தகம் எல்லாம் ஒன்று தங்கும் அல்லது நடக்கும் இடங்கள். டிரைவ் இடமன்று, வினை செய்யும் கருவி. வினை செய்யும் கருவிகளுக்குத் தமிழ் எப்போதும் எளிய வழி வைத்திருக்கிறது: கரண்டி, உருளி, கொளுவி, துருவி, விசிறி. ‘வட்டகம்’ என்று சிலர் சொல்லுவதற்கும் இதே மறுப்புத்தான். வட்டு அங்கே தங்குவதில்லை, போகிறது, வருகிறது.

இன்னொரு சாராருடைய வாதம் இது: இயக்கி என்ற சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், வேண்டிய இடத்தில் வன்பொருள் இயக்கி, மென்பொருள் இயக்கி என்று அடை சேர்க்கலாம். அடை சேர்க்க மறப்பதனால்தான் இந்தக் கட்டுரை. அவசரத்தில் எழுதுகிறவர் அடையை விடுவார். சிறிய திரையில் இடம் போதாமல் விடுவார். அடை விழுந்தாலும் பொருள் விழாத சொல்லே கருவிக்கு வேண்டும்.

நான் வைக்கும் சொல் சுழற்றி. சுழல் தன்வினை, சுழற்று பிறவினை, சுழற்றுவது சுழற்றி. சுழலி என்றால் தானே சுழல்வது, அது வட்டுக்கே பொருந்திவிடும். றகரம் வந்தால்தான் பிறிதொன்றைச் சுழலவைப்பது ஆகும். ஒளிவட்டுச் சுழற்றி, சுருக்கமாக வட்டுச்சுழற்றி. பெயரைக் கேட்டவுடனே உள்ளே நடப்பது கண்ணில் தெரிகிறது. குறுந்தகட்டை அதன் அடிப்படை வேகத்தைப்போல் 52 மடங்கில் ஓட்டும்போது நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழற்றும் பொருளுக்கு வேறு எதைச் சொல்லிப் பெயரிடுவது?

சுழற்றுவது மட்டுமா, அது படிக்கவும் எழுதவும் செய்கிறதே என்று ஒரு நண்பர் மறுத்தார். ஆங்கிலச் சொல்லும் ஓட்டுவதை மட்டுமே சொல்கிறது, படிப்பதைச் சொல்லவில்லை. ஒரு பெயர் ஒரு குணத்தைப் பிடித்தால் போதும். பென் டிரைவில் எதுவும் சுழல்வதில்லையே என்றார் அவரே. உண்மை. அதனால்தான் அதற்கு விரலி என்ற நல்ல பெயர் தனியாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும் இடமெல்லாம் தமிழிலும் ஒரே சொல் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? நாம் பெயரிட வேண்டியது பொருளுக்கு. ஆங்கிலச் சொல்லுக்கு அன்று.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு வருத்தம். பட்டியலில் ஆங்கிலச் சொல் வரிசையாக வருகிறது, எதிரே தமிழ்ச் சொல் நிரப்புகிறார்கள். கருவியை ஒரு முறை திறந்து பார்ப்பதில்லை. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்றார் வள்ளுவர். கட்டம் வரையாமல் வட்டு உருட்டுவது போன்றது, நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவது. அந்தக் குறளில் வட்டு என்பது காய். அந்த வட்டைத்தான் இன்று அரங்கில்லாமல் உருட்டிக்கொண்டிருக்கிறோம். வேலூரில் பழுது பார்க்கும் கடையில் போய் அரை நாள் உட்கார்ந்தால் போதும். ‘லென்ஸ் போய்விட்டது’, ‘பெல்ட் தளர்ந்துவிட்டது’, ‘டிரைவர் போடவில்லை’ என்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மூன்றையும் ஒரு நாளும் கலந்து பேசுவதில்லை. அவர்கள் சொல்வது ஆங்கிலச் சொற்களாக இருக்கலாம். ஆனால் பிரிவு தெளிவாக இருக்கிறது. அந்தப் பிரிவைத் தமிழில் காப்பாற்ற முடியாத இடத்தில் டிரைவ் என்றே எழுதிவிடுங்கள். நான் தூய தமிழை விரும்புகிறவன், அதனாலேயே சொல்கிறேன். தமிழில் எழுதிய ஒரு குறிப்பை நம்பி ஒருவர் ஏமாந்தால், அடுத்த முறை அவர் தமிழ்க் குறிப்பையே கையில் எடுக்க மாட்டார்.

ஆசிரியர் அப்படி விடவில்லை. திருமணப் படம் ஓடத் தொடங்கியதும், மாப்பிள்ளை அழைப்பு முடியும் முன்பே அந்தத் தாளைக் கொண்டுவந்து, “எப்படி எழுதியிருக்க வேண்டும், சொல்லுங்கள்” என்றார். நான் சொல்லச் சொல்ல, பழைய வரியை அடித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்: ‘ஒளிவட்டுச் சுழற்றி தென்படவில்லையெனில், சாதனப் பட்டியலில் அதற்குரிய இயக்கி மென்பொருளை அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குக. சுழற்றியைக் கழற்ற வேண்டா.’ கடைசிச் சொல்லை நான் ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னேன். மகரத்தை நீக்கியது அவர்.