டூட்டூவுக்குத் தமிழில் வட்டுடை

பாலே ஆடும் பெண்ணின் இடுப்பைச் சுற்றித் தட்டுப் போல விறைத்து நிற்கிறதே ஒரு பாவாடை, அதன் பெயர் டூட்டூ. ஆங்கிலம் வழியாக வந்ததால் டகரம் போட்டு எழுதுகிறோம். சொல் பிரெஞ்சுச் சொல். அங்கே அந்த மெய்யொலி நம் தகரத்தைப் போல நாக்கு பல்லில் பட ஒலிப்பது. உயிரொலிதான் நம்மிடம் இல்லாதது: 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள், அதுதான். 'த்யூத்யூ' என்று எழுதினால் பாரிசுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாம். டூட்டூ பழகிவிட்டது, இருக்கட்டும். (பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் பெயருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

பிறந்த கதை கொஞ்சம் கூச்சமானது. பிரெஞ்சில் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் 'க்யூ'. குழந்தையிடம் பேசும்போது அதை இரட்டித்துக் 'க்யூக்யூ' என்பார்கள். நம் வீட்டில் சோறு 'மம்மம்' ஆவதும் சிறுநீர் 'மூச்சா' ஆவதும் போல. அந்தக் க்யூக்யூதான் திரிந்து த்யூத்யூ ஆனது என்று பிரெஞ்சு அகராதிகள் சொல்கின்றன. 'டூல்' என்ற மெல்லிய வலைத்துணியின் பெயரிலிருந்து வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. கேட்க மரியாதையாக இருக்கிறது, ஆனால் எனக்கு முதல் கதையில்தான் நம்பிக்கை. ஏனென்றால், 1881 வாக்கில் இந்தச் சொல் அச்சில் தென்படும்போது அது பாவாடையைக் குறிக்கவே இல்லை. பாவாடைக்குள்ளே ஆட்டக்காரிகள் அணிந்த இறுக்கமான உள்ளாடையைத்தான் குறித்தது. உள்ளே இருந்ததன் பெயர் பிறகு வெளியே இருந்ததற்கு ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் பாரிஸ் ஓபரா என்ற ஆடல் பாடல் அரங்கில் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு, மேடைக்குப் பின்னாலுள்ள நடன அறைக்கே போய் ஆட்டக்காரிகளோடு பேசும் உரிமை இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இப்படியொரு பெயர் பிறந்ததில் என்ன வியப்பு?

உடைக்கு வயது பெயரைவிட அரை நூற்றாண்டு அதிகம். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீத்' என்ற பாலே அரங்கேறியது. மரீ தாலியோனி காற்றுத் தேவதையாக வந்தார். கெண்டைக்கால் வரை இறங்கிய, மணி போல விரிந்த வெள்ளைப் பாவாடை. பாதம் தெரிய வேண்டும், விரல் நுனியில் நிற்பது தெரிய வேண்டும், மற்றபடி உடம்பே இல்லாத புகை போலத் தோன்ற வேண்டும். இதற்கு வாகாக டூல் துணி இருந்தது. அந்தப் பெயர் பிரான்சின் டூல் என்ற ஊரிலிருந்து வந்தது. ஆனால் அதைக் கையால் பின்னிக்கொண்டிருந்த வரை அடுக்கடுக்காகத் தைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809-இல் வலைத்துணி நெய்யும் பொறிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் துணி மலிந்தது. தேவதை பறந்ததில் ஒரு தறிக்காரருக்கும் பங்கு உண்டு.

அந்தத் துணிதான் உயிரையும் வாங்கியது. மேடை விளக்குகள் அப்போது வாயுவில் எரிந்தன. காற்று புகுந்து நிற்கும் பருத்தி வலைக்குத் தீப்பொறி ஒன்று போதும். தாலியோனியின் செல்லச் சிஷ்யை எம்மா லிவ்ரி. அவருக்காகவே தாலியோனி 1860-இல் ஒரு பாலேவை அமைத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையின்போது லிவ்ரியின் பாவாடை விளக்கில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். வயது இருபதுதான். துணியை மருந்துக் கரைசலில் தோய்த்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது. தோய்த்தால் துணி விறைத்து, வெண்மை மங்கிவிடும் என்பதால் லிவ்ரி அதை அணிய மறுத்திருந்தார். கருகி மிஞ்சிய துண்டுகளைப் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பாவாடை ஏறத் தொடங்கியது. இத்தாலியிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் சுழற்சியிலும் கால்வேகத்திலும் கெட்டிக்காரிகள். அவர்களுக்கு முழங்கால் மறைந்தால் பாதி வித்தை மறைந்த மாதிரி. 1885-இல் ரஷ்யாவுக்குப் போன வர்ஜீனியா சூக்கி, பாவாடையைக் குட்டையாக வைத்தே தீருவேன் என்று நின்றார். 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஸ்வான் லேக்' ஆடிய பியெரீனா லென்யானி ஒற்றைக் காலில் 32 முறை தொடர்ந்து சுழன்று காட்டினார். கெண்டைக்கால் பாவாடைக்குள் அந்தச் சுழற்சியை யார் எண்ணியிருக்க முடியும்?

இன்றைய தட்டு டூட்டூவின் கட்டுமானம் தையல் தெரிந்தவர்களுக்கு விருந்து. மேலே இறுக்கமான கச்சு. கீழே உள்ளாடை (ஆமாம், முதலில் டூட்டூ என்று பெயர் வாங்கியது இதுதான்). அதன்மேல் பத்துக்கும் மேற்பட்ட வலையடுக்குகள். அடியில் சின்னச் சுருக்கம், மேலே போகப் போக அகலம். நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகு வளையம் கோத்திருக்கும். அடுக்குகளை இறுக்கித் தைக்காமல், விட்டு விட்டு நூலால் பிடித்துவைப்பார்கள். இல்லாவிட்டால் அசைவு செத்துவிடும். எடுத்து வைக்கும்போது நிமிர்த்தி மாட்டினால் தட்டு தொங்கிப்போகும். ஆகவே தலைகீழாகத்தான் தொங்கவிடுவார்கள். வளையத்தோடு ஒரு தொல்லை: நெருக்கமான மேடையில் ஒருத்தியின் தட்டு இன்னொருத்தியின் தட்டில் இடித்து இரண்டும் ஆடும். நியூயார்க்கில் பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனுக்காக உடை தைத்த பார்பரா கரின்ஸ்கா 1950-இல் வளையத்தையே எடுத்துவிட்டு, குறைந்த அடுக்குகளில் பவுடர் பஃப் போல மெத்தென்று நிற்கும் டூட்டூவைக் கொண்டுவந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குட்டைப்பாவாடை' என்றால் வேறு உடை நினைவுக்கு வரும். 'பாலே உடை' என்பது பெயரே அல்ல, விலாசம். நம் தையற்கடைகளில் பாப்பா கவுனுக்குள் வைக்கும் விறைப்பான வலையைக் 'கேன்கேன்' என்கிறார்கள். பாவம், அதுவும் பாரிசிலிருந்து வந்த ஓர் ஆட்டத்தின் பெயர்தான்.

என் ஓட்டு 'வட்டுடை'க்கு. பழைய சொல். இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடுத்தும் உடை என்று அகராதி பொருள் சொல்லும். இது மணிமேகலையில் வருகிற இடம் ஓர் ஆட்டம். மணிமேகலையும் தோழி சுதமதியும் பூம்புகார்த் தெருவில் நடக்கும்போது, வாணன் என்ற அசுரனின் நகரில் காமன் ஆடிய பேடிக் கோலத்தை ஒருவர் ஆடிக்காட்ட, கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அங்கே ஆடுபவரின் உடை 'இகந்த வட்டுடை'. அந்த உடை டூட்டூ மாதிரி இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டத்துக்கான குட்டை உடை என்ற ஒற்றுமை எனக்குப் போதும். அதோடு 'குறுவட்டு' என்று நாம் ஏற்கெனவே சிடிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். வட்டு என்றதும் கண்ணில் தெரிவது தட்டையான வட்டம்.

தாலியோனி அணிந்த நீளப் பாவாடைக்கு இது பொருந்தாது. அதை 'மணிப்பாவாடை' எனலாம். மொத்த வகைக்கும் பொதுப்பெயராக டூட்டூவே இருக்கட்டும், தட்டாக நிற்பதை மட்டும் வட்டுடை என்போம்.