'நே' என்றால் வெறும் 'ஆமாம்' அல்ல

கொரிய மொழி கற்கத் தொடங்குபவர் முதல் நாளே எழுதிக்கொள்வது இதுதான்: 'நே' என்றால் ஆமாம், 'அனியோ' என்றால் இல்லை. இதில் பாதிதான் சரி.

"அன் மொகொஸ்ஸொயோ?" என்று ஒருவர் கேட்கிறார். "சாப்பிடலையா?" என்று பொருள். நீங்கள் சாப்பிடவில்லை. ஆங்கிலப் பழக்கத்தில் 'அனியோ' என்றால், கேட்டவர் நீங்கள் சாப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார். சொல்ல வேண்டியது 'நே'. ஏனென்றால் 'நே' சுட்டுவது நடந்த செயலை அல்ல, எதிரில் இருப்பவர் சொன்னதை. "நீங்கள் சொல்வது சரி, சாப்பிடவில்லை." நமக்கு இது புதிதில்லை, "சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடல" என்று நாமும் சொல்கிறோமே.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும். தொலைபேசியில் கொரியர்கள் "நே, நே" என்றுகொண்டே இருப்பது சம்மதம் இல்லை, நாம் 'ம்' கொட்டுவது போலத்தான். குரலை உயர்த்தி "நே?" என்றால் "என்ன சொன்னீங்க?"

கொரிய நாடகம் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: காதில் 'தேவி'யில் வரும் 'தே' போல அல்லவா விழுகிறது? காது பொய் சொல்லவில்லை. இரண்டு ஒலிக்கும் நாக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொடுகிறது. மூக்கு வழியே காற்று போகிறதா என்பதுதான் வேறுபாடு. பேச்சின் தொடக்கத்தில் கொரியர்கள் அந்த மூக்குக் காற்றைக் குறைத்துவிடுகிறார்கள்.

இன்னும் பணிவாகச் சொல்ல 'யே' உண்டு. 1988-இல் தென் கொரியாவில் வெளியான பொதுமொழி விதிகள், அதாவது எது தரமான கொரியம் என்று சொல்லும் விதிகள், 'நே', 'யே' இரண்டையும் ஏற்கின்றன. நண்பனிடம் 'உங்' போதும். பெரியவர்களிடம் அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவு. 'அனி'யோடு 'யோ' சேர்வது, 'இல்ல' என்பது 'இல்லீங்க' ஆவதைப் போன்றது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். மேசையில் ஒரு காலிக் கோப்பை: "முல் ஒப்ஸொயோ", தண்ணீர் இல்லை. பக்கத்தில் நிறமற்ற சோஜு மது நிறைந்த கோப்பை: "முரி அனியேயோ", இது தண்ணீர் அல்ல. ஒரு பொருள் இல்லாதிருப்பது வேறு, அது வேறொன்றாக இருப்பது வேறு. 'இல்லை', 'அல்ல' என்று தமிழ் இலக்கணம் பிரிப்பதும் இதைத்தான். நம் பேச்சில் 'அல்ல' கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கொரியத்தில் கடைவீதிப் பேச்சிலும் இரண்டும் கலப்பதில்லை. (இதை வைத்து இரு மொழிக்கும் உறவு என்று முடிவுகட்ட வேண்டாம். தொடர்பில்லாத மொழிகளும் ஒரே வழியைக் கண்டுகொள்வது உண்டு.)

'அனியோ'வையும் 'அனியேயோ'வையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. முன்னது கேள்விக்கு மறுப்பு. பின்னது 'அது அல்ல'. ஆனால் நீங்கள் நன்றி சொல்லும்போதும் எதிரில் இருப்பவர் கையை லேசாக ஆட்டி 'அனியேயோ' என்பார். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.