மால்டோவாவின் ஒயினும் பலாசாவின் வகுத்தலும்

கிழக்கு ஐரோப்பாவிலுள்ள மால்டோவா போன்ற சின்னஞ்சிறு நாடு ஒயின் ஏற்றுமதியில் பிரான்சுடன் எப்படிப் போட்டியிட முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பணமதிப்பில் போட்டியே இல்லை; பிரான்சு விற்பதில் மிகச் சிறு பங்கையே மால்டோவா விற்கிறது. ஆனால் போட்டித்திறனை அப்படி அளப்பதில்லை.

போர்ச்சுகலின் ஒயினையும் இங்கிலாந்தின் துணியையும் வைத்து பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் விளக்கிய ஒப்பீட்டு நன்மையை, அதாவது மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் தனக்குக் குறைந்த செலவில் ஆகும் பொருளில் ஒரு நாட்டுக்குள்ள நன்மையை, பள்ளியில் படித்திருப்போம். அதை நேரடியாக அளக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஆகும் உழைப்புச் செலவு தெரிய வேண்டும். அந்தக் கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஹங்கேரியில் பிறந்த பொருளியலாளர் பேலா பலாசா, காரணத்தை விட்டுவிட்டு விளைவை அளக்கும் வழியை 1965இல் முன்வைத்தார். ஒரு நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஒயினின் பங்கை, உலகின் மொத்த ஏற்றுமதியில் ஒயினின் பங்கால் வகுக்க வேண்டும். விடை ஒன்றைத் தாண்டினால் அந்நாட்டுக்கு ஒயினில் நன்மை உண்டு. உலகில் ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு ஏற்றுமதியானால் அதில் ஒயின் சுமார் ஒன்றரை ரூபாய். பிரான்சில் அது இருபதை ஒட்டியும் மால்டோவாவில் ஐம்பதை ஒட்டியும் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பிரான்சுக்குப் பதின்மூன்று, மால்டோவாவுக்கு முப்பதுக்கு மேல்! நாட்டின் பருமன் இந்த வகுத்தலில் அடிபட்டுப் போய்விடுகிறது என்பதே இதன் அழகு. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

அந்த முப்பதுக்குப் பின்னால் நிலமும் இருக்கிறது. கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த, மால்டோவாவின் மிலெஷ்டி மிச் சுரங்கங்கள் சுமார் 200 கிலோமீட்டர் நீளமானவை. குளிரூட்டும் கருவியில்லாமலேயே ஆண்டு முழுவதும் 12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒயின் அங்கே முதிர்கிறது. கார் ஓடுமளவு அகன்ற அந்தச் சுரங்கத் தெருக்களுக்கு ஒயின் வகைகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் யாரிடம் விற்கிறோம் என்பதைப் பலாசாவின் எண் சொல்லாது. 2006 மார்ச்சில் ரஷ்யா மால்டோவா ஒயினைத் தடைசெய்தபோது, அந்த ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு ரஷ்யாவுக்கே சென்றுகொண்டிருந்தது. இதைக் காட்ட வேறொரு கணக்கு உண்டு: வாங்குவோர் ஒவ்வொருவரின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்; விடை பெரிதாக ஆக, ஓரிருவரையே நம்பியிருக்கிறோம் என்று பொருள். ஐந்து பேர் சமமாக வாங்கினால் விடை 0.20, ஒருவரே 80 விழுக்காடு வாங்கினால் அவர் பங்கு மட்டுமே 0.64. இதைக் கணக்கிடத் தேவையான சுங்கத் தரவுகளை எல்லா அரசுகளும் இலவசமாக வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2013இல் ரஷ்யா மீண்டும் தடைவிதித்தது. 2014 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் மால்டோவா ஒயினுக்கான இறக்குமதி வரம்பை நீக்கியது. ருமேனியா, போலந்து, செக் குடியரசு என்று வாங்குவோர் பலரானார்கள்.